எங்க வகுப்புல எத்தனை பேர் கேரியர்? தலசீமியா முகாமில் கேட்ட கேள்விகள்

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாகப் பள்ளி முகாம்களுக்கும் போய் வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, தலசீமியா மாதிரியான பரம்பரை ரத்தக் கோளாறுகளுக்கு அவர்கள் கேரியரா என்று பார்க்கும் முகாம். ரத்தம் எடுக்க அரை நாள் போதும். மீதி அரை நாள் கேள்விகளுக்குப் போய்விடும், வீட்டுக்கு வந்த பிறகும் போன் ஓயாது. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"கேரியர் முகாம்னு போர்டுல எழுதியிருக்கு. பிளஸ் டூ முடிச்சுட்டு என்ன படிக்கலாம்னு சொல்வீங்களா மேடம்?"

இல்லப்பா, அது வேற கேரியர். எல்லாப் பள்ளியிலும் இந்தக் குழப்பம் உண்டு. கடத்தி என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு என்னவோ மணல் கடத்தல் மாதிரி காதில் விழுகிறது, அதனால் கேரியர் என்றே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். அதைச் செய்வதற்கான மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒரு பங்கும் அப்பாவிடமிருந்து ஒரு பங்குமாக வருகின்றன. பீட்டா என்ற சங்கிலியைச் செய்யும் மரபணுவில் ஒரு பங்கு பழுதாகவும் இன்னொரு பங்கு சரியாகவும் இருந்தால் அவர் பீட்டா தலசீமியா கேரியர். தலசீமியா மைனர், டிரெய்ட் என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தாலும் அதுவேதான். சரியான பங்கு வேலையைச் சமாளித்துக்கொள்ளும். ஆள் படிப்பார், விளையாடுவார், வயலில் இறங்குவார், பேரன் பேத்தி எடுப்பார். வைத்தியம் எதுவும் வேண்டாம்.

இரண்டு பங்கும் பழுதாகப் பிறக்கும் குழந்தையின் கதை வேறு. அதற்குத் தலசீமியா மேஜர் என்று பெயர். பெரும்பாலும் பிறந்து சில மாதங்களிலேயே வெளுத்துப்போய் மண்ணீரல் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வரும். அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பை உடம்பில் விட்டுப் போகும், அதை வெளியேற்ற தினமும் மாத்திரை. கேரியர் எங்கே, மேஜர் எங்கே. முகாமில் கேரியர் என்று தெரியவரும் பிள்ளைக்கு எந்த வயதிலும் மேஜர் வராது. நாளடைவில் முற்றிப்போகும் சமாச்சாரம் இல்லை இது.

"ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் இருப்பாங்க?"

நாடு முழுக்கச் சராசரியாக நூற்றுக்கு 3 முதல் 4 பேர் என்று தேசிய சுகாதார இயக்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. மொத்தம் மூன்றரை முதல் நாலரைக் கோடிப் பேர் என்பது அதன் கணக்கு. கொல்கத்தா, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட ஆறு நகரங்களில் கல்லூரி மாணவர்களையும் கர்ப்பிணிகளையும் 56 ஆயிரத்துக்கும் மேல் பரிசோதித்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. அதில் சராசரி 2.78 சதவீதம். இடத்துக்கு இடம் 1.48-இலிருந்து 3.64 வரை ஏறி இறங்கியது. கோடியக்கரைக்கு எதிரே கடலைத் தாண்டினால் இலங்கை. அங்கே பள்ளிப் பிள்ளைகளை வைத்து எடுத்த கணக்கில் சராசரி 2 சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

நான் முகாமுக்குப் போகும்போது நூற்றுக்கு 2 என்று வைத்துக்கொள்கிறேன். ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியென்றால் 20 பிள்ளைகள். 40 பேர் வகுப்பென்றால் பத்து வகுப்பில் ஐந்தாறில் ஒரு கேரியராவது இருப்பார். 3 என்று வைத்தால் ஏழு வகுப்பில் இருப்பார். காலையில் எட்டரை மணி டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு போகிற கூட்டத்தில் ஐம்பது பேருக்கு ஒருவர் என்றால் இன்னும் சுலபமாக மனதில் நிற்கும்.

ஒன்று கவனியுங்கள். சராசரி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. நாலைந்து ஊருக்குள்ளேயே, ஒரே சாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் மரபணுவும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். ஆகவே ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பள்ளியில் எதிர்பார்த்ததில் பாதியும், அந்தப் பக்கத்துப் பள்ளியில் இரண்டு மடங்கும் வரலாம். இன்னொன்றும் உண்டு. 200 பேரைப் பார்க்கிறோம், 4 பேரை எதிர்பார்க்கிறோம். ஒருவர் வந்தாலும் சரி, எட்டுப் பேர் வந்தாலும் சரி, அது எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கம்தான். எட்டுப் பேர் வந்த உடனே "எங்க ஊர்ல தலசீமியா பரவுது" என்று வாட்ஸாப்பில் போடாதீர்கள். இது பரவுகிற வியாதி கிடையாது. தண்ணீரிலும் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது.

"நம்ம பக்கத்துக்கு இது எப்படி வந்துச்சு?"

மலேரியா வழியாக. ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகும் மலேரியாக் கிருமிக்கு, கேரியரின் அணு அவ்வளவு வசதியான வீடு இல்லை. மலேரியா ஊரைக் காலி செய்த காலங்களில் கேரியர் குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிழைத்தார்கள், அவர்கள் பிள்ளை பெற்றார்கள், மரபணு தங்கிவிட்டது. இப்படி இருக்கலாம் என்று 1949-இல் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி. இங்கிலாந்துக்காரர், பிற்பாடு இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு 1964-இல் புவனேஸ்வரில் காலமானார்.

நம் டெல்டாவுக்கும் மலேரியாவுக்கும் உறவு உண்டு. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து கல்லணைக் கால்வாயில், அதாவது நம் ஜனங்கள் சொல்லும் புதாற்றில், தண்ணீர் வந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலமெல்லாம் நஞ்சையானது. கூடவே மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் உட்கார்ந்து இதை ஆராய்ந்தார். வாய்க்காலிலும் புதிதாக நடவு செய்த வயலிலும் முட்டையிடும் கொசு, பயிர் ஓரடி உயரம் எழும்பிவிட்டால் அங்கே முட்டையிட வருவதில்லை என்பதைக் கண்டவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த மலேரியாவால்தான் இந்த மரபணு வந்தது என்று முடிச்சுப் போடக்கூடாது. அது மூன்று தலைமுறைக்கு முந்தைய கதை. மரபணு தங்குவதற்கு அதைவிட எத்தனையோ தலைமுறை வேண்டும்.

"எம் பொண்ணுக்கு ரத்தம் பத்துதான். ஆறு மாசமா சத்து மாத்திரை போட்டும் ஏறல. அதுதானா இது?"

இருக்கலாம். ஆனால் முதல் சந்தேகம் அதுவாக இருக்கக்கூடாது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. ஆக நூறு பெண் பிள்ளைகளை நிறுத்தினால் ஐம்பது பேருக்குச் சோகை, இரண்டு பேர் கேரியர். ஐம்பதில் பெரும்பகுதி இரும்புச்சத்துக் குறைவு. மாதவிடாயில் போவது, சாப்பாட்டில் கீரையும் கறியும் மீனும் குறைவது, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது, வெறுங்காலோடு வரப்பில் நடந்து கொக்கிப்புழு ஏறுவது, எல்லாம் சேர்ந்த கணக்கு அது. குடற்புழு மாத்திரையைப் பள்ளியில் கொடுக்கும்போது வாயில் அடக்கிவைத்து ஜன்னலுக்கு வெளியே துப்பும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? களத்து மேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு களத்தில் நெல்லே குறைவு. மூட்டையும் குறைவு, கட்டிய மூட்டையும் அரைகுறை. அது இரும்புக் குறைவு. பக்கத்துக் களத்தில் மூட்டை எண்ணினால் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கிறது, ஆனால் எல்லாம் சின்னச் சாக்கு. அது கேரியர். ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்பது சாக்கின் அளவு, ஆர்.பி.சி. என்பது மூட்டை எண்ணிக்கை. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். எம்.சி.வி. 64, ஆர்.பி.சி. 5.6 என்றால் 11.4 வரும். 13-க்குக் கீழே வந்தால் கேரியர் சந்தேகம். எம்.சி.வி. 70, ஆர்.பி.சி. 4.2 என்றால் 16.7 வரும், இரும்புக் குறைவு சந்தேகம். இதற்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். தீர்ப்பு கிடையாது, ஒரு துப்பு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். அப்போது இரும்புக் குறைவு, கேரியரைக் காட்டிக்கொடுக்கும் அளவைக் கீழே இழுத்து மறைத்துவிடும். அதனால்தான் சிலரிடம் "ரெண்டு மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு மறுபடி வாங்க" என்கிறோம். அலைக்கழிக்கிறோம் என்று கோபப்படாதீர்கள்.

"கேரியர்னா இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாதாமே?"

பாதி உண்மை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரையால் கேரியருக்குக் கெடுதல் இல்லை. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையில் இரும்பு குறைவென்று தெரிந்தால் மற்றவர்களைப் போலவே அவரும் சாப்பிட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். தப்பு எங்கே நடக்கிறதென்றால், ஃபெரிட்டின் பார்க்காமலே "ரத்தம் ஏறல, ரத்தம் ஏறல" என்று வருடக்கணக்கில் மாத்திரை, டானிக், ஊசி என்று போய்க்கொண்டே இருப்பதில். கேரியர் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10, 11 என்பது அவருடைய இயல்பான அளவாகவே இருக்கலாம். பீட்ரூட்டும் பேரீச்சையும் நல்ல தின்பண்டம்தான், ஆனால் மரபணுவை அவை மாற்றாது.

"என்னென்ன டெஸ்ட் எடுக்கறீங்க?"

முதலில் மேலே சொன்ன ரத்த எண்ணிக்கை. சில முகாம்களில் அதோடு உப்புநீர்ச் சோதனை. 0.36 சதவீத உப்புநீரில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு அரைமணி வைப்போம். டியூபுக்குப் பின்னால் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. சாதாரண அணு உடைந்து நீர் தெளிந்துவிடும், கோடு தெரியும். கேரியரின் அணு உடையாது, கலங்கலாக நிற்கும், கோடு தெரியாது. இரும்புக் குறைவிலும் கலங்கும், அதனால் இதை வைத்து யாரையும் கேரியர் என்று சொல்லமாட்டோம்.

உறுதி செய்வது எச்.பி.எல்.சி. என்ற இயந்திரம். ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்துக் காட்டும். அதில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 4-இலிருந்து 6 வரை இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர். 3.4, 3.5 என்று விளிம்பில் நிற்பவர்கள்தான் எங்களுக்கும் தலைவலி. அவர்களுக்கு மறுபரிசோதனை, அம்மா அப்பா ரத்தம், தேவைப்பட்டால் மரபணுச் சோதனை.

"இந்த வயசுல எதுக்கு? கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்தா போதாதா?"

கல்யாணத்துக்கு முன்னாடி என்பது நம் ஊரில் நிச்சயதார்த்தத்துக்கும் பந்தக்காலுக்கும் நடுவே பதினைந்து நாள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. அப்போது வரும் ரிப்போர்ட்டை நிதானமாகப் படிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

இத்தாலியில் ரோம் நகரைச் சுற்றியுள்ள லாட்சியோ பகுதியில் 1975 முதல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து வந்தார்கள். நம் நாட்டு 2016 வழிகாட்டுதலிலும் எட்டாம் வகுப்பில் ஒருமுறை பார்ப்பது இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒன்பதாவதும் பதினொன்றாவதும் தோது. மரபியல் பாடம் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும், பொதுத்தேர்வு கழுத்தை நெரிக்காது. பெற்றோர் கையெழுத்து கட்டாயம். அது இருந்தாலும் பிள்ளை வேண்டாமென்றால் ஊசியைத் தொடமாட்டேன்.

"பொண்ணு கேரியர்னு வந்திருக்கு. என் தம்பிக்குக் குடுக்கிறதா ரொம்ப நாளா பேச்சு. இப்ப என்னங்க பண்றது?"

ஒரு அம்மா கேட்டது. பெண்ணுக்கு வயது 16. முதலில் 18 ஆகட்டும்மா, அது சட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன்.

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணமாவது சொந்தத்துக்குள் நடக்கிறது. வெளியில் மாப்பிள்ளை பார்த்தால் அவர் கேரியராக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 2, 3. தாய்மாமன் என்றால்? பெண்ணுக்கு இந்த மரபணு அம்மா வழியாக வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கு இருந்தால் அம்மாவின் தம்பிக்கு இருக்கப் பாதி வாய்ப்பு. பாதியில் பாதி கால். நூற்றுக்கு 25. மாமன் மகனென்றால் இன்னொரு படி தள்ளி எட்டில் ஒன்று, நூற்றுக்கு 12 அல்லது 13. அத்தை மகனுக்கும் அதே கணக்கு, அப்பா வழியில்.

இரண்டு பேரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு மேஜர் குழந்தைக்கு, நாலில் இரண்டு கேரியருக்கு, நாலில் ஒன்று எதுவுமில்லாத பிள்ளைக்கு. ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது மாதிரி. முதல் பிள்ளை மேஜராகப் பிறந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்தது என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு.

ஆனால் அந்த அம்மா இதைக் கேட்டுப் பேச்சை முறிக்க வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவே ஒரு டியூப் ரத்தம் கொடுத்தால் போதும். அம்மா கேரியர் இல்லையென்றால் மரபணு அப்பா வழியில் வந்தது, தம்பியின் கால் பங்கு வாய்ப்பு சாதாரண ஜனங்களின் அளவுக்கு இறங்கிவிடும். அம்மாவும் கேரியர் என்றால் தம்பியும் ஒரு டியூப் கொடுக்கட்டும். சம்பந்தத்தை ரத்தம் முடிவு செய்யட்டும் என்று சொல்லவில்லை, ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

"வெளியில தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?"

முகாமில் சத்தமாக யாரும் கேட்காத, ஆனால் எல்லாப் பெற்றோர் மனதிலும் இருக்கிற கேள்வி. வரிசை முடிந்து டேபிளை மடிக்கும்போது தனியாக வந்து கேட்பார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும்தான் கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு வந்தாலும் அதே மரபணு, அதே பங்கு.

கிரேக்க நாட்டில் ஓர்கோமெனோஸ் என்று ஓர் ஊர். அங்கே அரிவாள் செல் என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறின் கேரியர்கள் நிறைய. ஊர் முழுக்கப் பரிசோதித்து, கேரியரும் கேரியரும் கல்யாணம் செய்யாதீர்கள் என்று சொன்னார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், கேரியர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஒதுக்கலுக்குப் பயந்து சிலர் மறைத்திருந்தார்கள். கேரியர் ஜோடிகளின் எண்ணிக்கை பரிசோதனையே செய்யாவிட்டால் எவ்வளவு வந்திருக்குமோ அவ்வளவேதான். 1970-களில் இதை எழுதியவர்கள் பரிசோதனை செய்தவர்களே.

கனடாவின் மான்ட்ரியலில் அதே காலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் தலசீமியாவுக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். பாடம் நடத்தி, விருப்பப்பட்டவர்களை மட்டும் சேர்த்து, முடிவை அவரவர் கையில் கொடுத்தார்கள். இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது கேரியர்களில் அநேகமாக எல்லாருக்கும் அது நினைவிருந்தது, துணையையும் பரிசோதிக்க வைத்திருந்தார்கள்.

அதனால்தான் ஜாதகத்துக்குப் பதில் ரத்த ரிப்போர்ட்டைப் பாருங்கள் என்று மேடையில் பேசுவதை நான் விரும்புவதில்லை. கைதட்டல் வரும். ஆனால் செவ்வாய் தோஷத்துக்கு அடுத்து இன்னொரு தோஷத்தை உண்டாக்கி, அதையும் பெண்ணின் தலையில் கட்டுவதில்தான் போய் முடியும். ஒரு கேரியர் நூறு பேரில் 97 பேரை எந்தக் கவலையும் இல்லாமல் கட்டிக்கொள்ளலாம்.

"ரிசல்ட்ட ஸ்கூல்லயே சொல்லிடுங்களேன், எங்களுக்கு லேசா போகும்."

மாட்டோம். ஒரு பள்ளியில் காலை வழிபாட்டில் மைக் வைத்துப் பெயர்களை வாசித்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பெற்றோரைக் கூட்டி வரச்சொல்வதற்காக வாசித்தது. அதில் ஒரு பிள்ளை அப்புறம் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மா இடம் மாற்றச் சொல்லிக் கேட்டாராம். ரிப்போர்ட்டை லிஸ்டாக அடித்து அனுப்பியது எங்கள் பக்கத்துத் தப்பு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது எல்லாப் பிள்ளைக்கும், எதுவும் இல்லாதவருக்கும், ஒரே மாதிரி ஒட்டிய கவர். கேரியர் வீட்டாரோடு தனியாகப் பேசுகிறோம்.

"அரிவாள் செல்னு டிவியில சொல்றாங்களே, அது நம்ம பக்கம் உண்டா?"

நம் வயலில் கதிர் அறுக்கும் கருக்கரிவாள் மாதிரி சிவப்பணு வளைந்துவிடும் நோய், பெயர் அதனால்தான். இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டார்கள். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மலைப்பகுதிகளில். மத்திய அரசு 2023 ஜூலை 1-இல் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 17 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, 40 வயது வரை 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. நம் டெல்டாச் சமவெளியில் அபூர்வம். ஆனால் அதே எச்.பி.எல்.சி. இதையும் காட்டிவிடுகிறது, தனியாக ரத்தம் வேண்டாம்.

அதே இயந்திரம் ஹீமோகுளோபின் இ என்ற வகையையும் காட்டும். வங்காளத்திலும் வடகிழக்கிலும் அது சகஜம். இப்போது நம் வயலில் நடவு நடுவதற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சிலர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள், பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படிக்கிறார்கள். 'இ' கேரியராக இருப்பதால் அவர்களுக்கும் ஒன்றும் ஆகாது. 'இ' ஒரு பக்கம், பீட்டா தலசீமியா ஒரு பக்கம் என்று சேரும் ஜோடிக்குத்தான் கவனம் வேண்டும்.

"ஹீமோபிலியாவும் இதுல தெரியுமா?"

தெரியாது. அது ரத்தம் உறையும் விஷயம், வேறு பரிசோதனை. ஹீமோபிலியா ஏ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பையன்களுக்கு நோயாகத் தெரியும், பெண்கள் பெரும்பாலும் கேரியர். ஆனால் கேரியர் பெண்கள் சிலருக்கு மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகும், பல் பிடுங்கினால் நிற்காது. "எங்க வம்சத்துல பொம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்று பாட்டி சொல்லும் வீட்டில், தாய்மாமனுக்கு அடிக்கடி முட்டி வீங்கியதுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜி6பிடி என்று ஒரு நொதிக் குறைவும் இதே எக்ஸ் கணக்கில் வருவது. இருந்தால் பிரைமாகுவின் என்ற மலேரியா மாத்திரை ஆகாது, பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் ஆகாது.

"ஒரே பிளட் குரூப்ல கல்யாணம் பண்ணா தலசீமியா வருமா?"

வராது. ஓ பாசிட்டிவும் ஓ பாசிட்டிவும் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். குரூப் வேறு, தலசீமியா வேறு.

"கபடி ஆடலாமா? ரத்த தானம் குடுக்கலாமா?"

தலசீமியா கேரியர் என்ன வேண்டுமானாலும் ஆடலாம். 18 வயதானதும் ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்தமும் கொடுக்கலாம். மேஜர் குழந்தைகள் உயிரோடு இருப்பதே அப்படிக் கொடுப்பவர்களால்தான்.

"ரெண்டு பேரும் கேரியர், கல்யாணமும் ஆயிடுச்சு. இனிமே?"

இது முகாமுக்கு வரும் பிள்ளைகள் கேட்டதில்லை. அவர்களுடைய அண்ணன் அண்ணிமார் கேட்பது. கர்ப்பமான உடனே, தள்ளிப்போடாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள். 11, 12 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் ஒரு துணுக்கு எடுத்துச் சிசுவுக்கு மேஜரா என்று பார்க்க முடியும். கருவில் பார்ப்பதே குற்றம் என்று பலர் பயப்படுகிறார்கள். 1994 சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை. ஹீமோகுளோபின் கோளாறுகளுக்குப் பரிசோதிக்க அதே சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு முன் இருவரின் மரபணுப் பழுது எதுவென்று தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் அவசரம். முடிவு தெரிந்தபின் என்ன செய்வது என்பது அந்த இருவருடைய தீர்மானம், மாமியாருடையதோ லேப் அக்காவுடையதோ இல்லை.

மேஜர் குழந்தை ஏற்கனவே இருந்தால், உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் மாற்று சிகிச்சை உண்டு. ஓர் உடன்பிறப்பு பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. வேலூர் சி.எம்.சி. 1986 முதலே செய்கிறது. கோல் இந்தியா நிறுவனத்தின் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்ந்திருப்பதால் அந்தச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். கேரியருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது, தேவையும் இல்லை.

"எங்க ஸ்கூலுக்கு முகாம் வரல. நாங்க எங்க போறது?"

முதல் படியான ரத்த எண்ணிக்கையைத் தாலுகா மருத்துவமனையிலேயே எடுத்துவிடலாம். எம்.சி.வி. 80-க்குக் கீழே இருந்தால் அந்தத் தாளோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி என எந்த அரசு மருத்துவக் கல்லூரி பக்கமோ அங்கே போய், ஏ2 அளவு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம், 18 வயது வரை அவர்கள் கணக்கில் வருகிறார்கள்.

"அக்கா, நான் கேரியர்னு கவர் வந்துச்சு. என் தம்பி ஏழாவதுதான் படிக்கிறான். அவனுக்கும் பாக்கணுமா?"

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே கேட்டாள். அவனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டும்மா. ஆனால் அவசரம் எதுவும் இல்லை. முதலில் அப்பாவும் அம்மாவும் பார்க்கட்டும். தம்பி உன் வகுப்புக்கு வரும்போது, அவனுக்கே புரிகிற மாதிரி நீயே சொல்லி, கூட்டிக்கொண்டு வா. ஊதா மூடி டியூபில் ரெண்டு மில்லி போதும். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.